பதுளை நோயாளிக்குக் கூடலூரில் மருந்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசறையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் என் பால்ய நண்பர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஆதலால் இன்றுவரை "அண்ணே" என்றுதான் அழைப்பார். வழக்கமாக மழையில் தொடங்கி அரசியலில் முடிக்கும் மனிதர், அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க பேப்பர்ல இருந்தவரு, நாலு விஷயம் தெரிஞ்சவரு. பெரியவனுக்கு ஒரு போத்தல் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?"

பெரியவன் என்பது அவருடைய மூத்த மகன். வயது முப்பத்து மூன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கழுத்தின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் தோன்றியது. வலியில்லை. தோட்டத்தில் பெரியவர்கள் கண்டமாலை என்றார்கள். மருந்தகத்தில் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். எங்கள் பகுதிகளில் கழுத்துக் கழலை என்றால் முதலில் காசநோயை நினைப்பது இயல்புதான். ஆனால் கழலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பரிசோதிக்காமலே அரை வருடம் கழிந்துவிட்டது. பின்னர் பதுளை வைத்தியசாலையில்தான் அது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. மகரகமைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போகவும் எட்டு மணி நேரம் வரவுமாக எத்தனையோ தடவைகள். நோய் அடங்கியது. ஓராண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் அந்தப் போத்தல் வருகிறது. படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பிவைத்தார். ஆரோக்கியமான உயிரின் நோயெதிர்ப்புச் சக்தியை நோயாளியின் உடலுக்கு மாற்றும் மருந்து என்று சொல்லி விற்கிறார்களாம். விற்பவர் அந்நியர் அல்லர். அயல் தோட்டத்துப் பையன். மேலே ஆளைச் சேர்த்தால் கீழே பணம் வரும் வியாபாரம். ஒரு மாதத்துக்கான போத்தலின் விலை, நண்பரின் மனைவி இருபது நாள் கொழுந்து பறித்தால் கிடைக்கும் சம்பளம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது என்பதை நினைவிற்கொண்டு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வாரம் பொறு தம்பி, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். நான் வைத்தியன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன். தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன், படித்தேன். நண்பருக்குச் சொன்னதை இங்கும் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. இதே கேள்வி வேறு பல லயன் வீடுகளிலும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் போத்தலைப் பார்த்துவிடுவோம். அதற்கும் ஒரு விஞ்ஞானப் பூர்வீகம் உண்டு. 1949இல் நியூயோர்க்கில் ஷெர்வுட் லோரன்ஸ் என்ற வைத்தியர் ஒரு பரிசோதனை செய்தார். காசநோய்க்கான தோல் சோதனையில் தடிப்புக் காட்டிய ஒருவரின் வெள்ளணுக்களை எடுத்து, தடிப்புக் காட்டாத இன்னொருவருக்கு ஏற்றினார். அவருக்கும் தடிப்பு வந்தது. 1955இல், முழு அணுக்கள் வேண்டாம், அவற்றை உடைத்தெடுத்த சாறே போதும் என்று எழுதினார். அந்தச் சாற்றிலிருந்த பொருளுக்கு 'பரிமாற்றக் காரணி' என்று பெயர் வைத்தார். அடுத்த இரு தசாப்தங்கள் பலரும் அதன்மீது பெரும் நம்பிக்கை வைத்தார்கள். ஆனால் அது நம்பகமான மருந்தாக நிலைபெறவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. இன்று பசுவின் சீம்பாலிலிருந்தும் முட்டை மஞ்சட்கருவிலிருந்தும் எடுத்ததாகச் சொல்லி, அந்தப் பெயரில் குளிசைகள் விற்கிறார்கள். அவை லிம்போமாவைக் குணமாக்கும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவுமில்லை.

ஆகவே போத்தல் வேண்டாம். ஆனால் அந்தப் பையன் சொன்ன விற்பனை வாசகம் முற்றிலும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒருவருடைய நோயெதிர்ப்பை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது உண்மை. அது போத்தலில் வராது. உயிருள்ள ஒரு மனிதரின் உடலிலிருந்து, உயிருள்ள கலங்களாக (தமிழகத்தில் செல் என்பார்கள்) வரவேண்டும். என் நண்பரின் குடும்பத்தைப் பொறுத்தவரை, அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

லிம்போமா ஒரு விசித்திரமான புற்றுநோய். நம்மைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களில் ஒரு வகையே கட்டுமீறிப் பெருகுவதால் வருவது. வேலியே பயிரை மேய்ந்த கதை. முதற்கட்டச் சிகிச்சையிலேயே பலர் குணமாகிவிடுகிறார்கள். குறிப்பாக ஹொட்ஜ்கின் வகையில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆதலால் கழுத்துக் கழலை என்றதும் யாரும் நடுங்க வேண்டியதில்லை. தாமதிக்காமல் சோதித்தால் போதும். நோய் திரும்பி வந்தால்தான் சிக்கல். அப்போதும் முதலில் மாற்று மருந்துகளையும் நோயாளியின் சொந்த மூலக்கலங்களையும் கொண்டே முயல்வார்கள். அதற்கும் அடங்காத சிலருக்கே பிறருடைய கலங்கள் தேவைப்படுகின்றன.

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தொடக்கிவைத்தவர் அமெரிக்கரான டொனல் தோமஸ். 1990இல் நோபல் பரிசு பெற்றார். கடுமையான மருந்தாலும் கதிர்வீச்சாலும் நோயை அழிக்கும்போது நோயாளியின் மச்சையும் அழிந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பவே பிறர் மச்சை என்றுதான் ஆரம்பத்தில் எண்ணினார்கள். பின்னர்தான் ஒரு புதுமை தெரிந்தது. 1990இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரத்தப் புற்றுநோயாளிகளின் விவரங்களை ஒப்பிட்டபோது, ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் மச்சை பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியிருந்தது. சாதாரண உடன்பிறப்பிடம் பெற்றவர்களுக்குக் குறைவாகத் திரும்பியிருந்தது. அச்சு அசலாகப் பொருந்திய மச்சையைவிடச் சற்றே வேறுபட்ட மச்சை நன்றாக வேலை செய்திருக்கிறது! காரணம், வந்த வெள்ளணுக்கள் புற்றுநோயை அந்நியம் என்று அடையாளங்கண்டு தாக்கியிருக்கின்றன. லிம்போமாவிலும் இதே விளைவு காணப்படுகிறது.

அதே 1990இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கோல்ப் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைச் செய்து காட்டினார்கள். மச்சை மாற்றிய பின்னும் இரத்தப் புற்றுநோய் திரும்பிய மூவருக்கு, மச்சை கொடுத்தவரின் வெள்ளணுக்களை மட்டும் மீண்டும் ஏற்றினார்கள். நோய் பின்வாங்கியது. 1994இல் நியூயோர்க்கில், மச்சை மாற்றுக்குப் பின்னர் ஒரு வைரஸால் லிம்போமா போன்ற கட்டிகள் தோன்றிய ஐவருக்குக் கொடையாளியின் வெள்ளணுக்களை ஏற்றியபோது ஐவரிலும் கட்டி கரைந்தது. ஆனால் அவர்களில் இருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்துபோனார்கள்.

அந்த இரு மரணங்களை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பிறருடைய வெள்ளணுக்கள் புற்றுநோயைத் தாக்குவதுபோல் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். சிகிச்சையே உயிரைக் குடிப்பதும் உண்டு. அதனால்தான் கொடுப்பவரும் பெறுபவரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினையாகிறது.

இரத்த வகை பார்ப்பதுபோல் எளிதான பொருத்தம் அல்ல இது. எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளங்கள் நமது ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) தொகுதியாக அமைந்துள்ளன. தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. என் நண்பருக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். பெரியவனுக்கு ஒரு தங்கை. அந்தப் பிள்ளை பொருந்தவில்லை.

குடும்பத்தில் இல்லையென்றால் உலகளாவிய கொடையாளர் பதிவேடுகளைத் தேடுவார்கள். அங்கேதான் நம்மவர்களின் வறுமை தெரியும். 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்கப் பதிவேட்டில் ஐரோப்பிய வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு அதைவிட வெகு குறைவு. எச்.எல்.ஏ. அடையாளங்கள் இனத்தோடும் ஊரோடும் சாதியோடும் கூடிவருபவை. மலையகத் தமிழனுக்குப் பொருந்தக்கூடியவர் அவனுடைய பாட்டன் பூட்டன் புறப்பட்ட திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களில் இருப்பதற்கே அதிக வாய்ப்பு. அல்லது அவனுடைய சொந்தத்தில்.

அந்தச் சொந்தம் எங்கே?

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பலாப்பழச் சுளையைப் பங்கிட்டதுபோல் மனிதர்களைப் பங்கிட்ட கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

1974இல் நான் பதுளையில் கற்றுக்குட்டி நிருபன். தலைமன்னாருக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுவதைச் செய்தியாக்க நிலையத்துக்குப் போயிருக்கிறேன். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலை அழைத்தவர்கள் உண்டு. மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் கையை விடாமல் பற்றிக்கொண்டு அழுவார்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை தகரப் பெட்டிகள் என்றெல்லாம் எண்ணி எழுதி அனுப்பினேன். எந்த அக்காள் எந்தத் தம்பியை விட்டுப் போனாள் என்று எழுதவில்லை. அது செய்தியென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் நண்பரின் அக்காளும் அந்த ஆண்டில்தான் போனார். அவருடைய கணவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று கூடலூரில் இருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அக்காளைக் கொடுத்த வீட்டிலேயே பின்னாளில் நண்பர் பெண் எடுத்தார். அக்காள் கணவரின் தங்கைதான் அவருடைய மனைவி. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம்மிடையே சாதாரணம். ஆக, பெரியவனுக்குக் கூடலூர்ப் பிள்ளைகள் அத்தை மக்களும் ஆவர். மாமன் மக்களும் ஆவர். நான்கு பாட்டன் பாட்டிமாரும் இருவருக்கும் ஒருவரே. இப்படிப்பட்ட உறவில், ஒவ்வொரு பிள்ளையும் முழுமையாகப் பொருந்துவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் திருமணங்கள் மேலும் பின்னிக் கிடந்தால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும். பிள்ளைகள் ஐவர். உலகப் பதிவேட்டின் கோடிக்கணக்கான பெயர்களுக்குள் தேடுவதற்கு முன்னர் கூடலூரின் ஒரு வீட்டில் தேடுவதே புத்திசாலித்தனம்.

நம் பெரியவர்கள் முறை பார்த்துக் கட்டிய உறவு, ஒருவனுக்கு உயிர் கொடுக்கும் மருந்துப் பெட்டியாகவும் இருந்திருக்கிறது. 1964இல் பேனா பிடித்தவர்கள் அந்தப் பெட்டியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இன்று நமக்குத் தெரியும்.

"காலம் மாறிவிட்டது ஐயா, இப்போது பாதிப் பொருத்தமே போதும்" என்று ஒரு வைத்தியர் என்னிடம் சுட்டிக்காட்டினார். உண்மை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் 2000ஆம் ஆண்டுகளில் வளர்த்தெடுத்த முறையில், மாற்றுச் சிகிச்சைக்குச் சில நாட்களின் பின் சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய மருந்தைக் கொடுத்து வெறிகொண்ட வெள்ளணுக்களை அடக்குகிறார்கள். அதனால் தாயோ தந்தையோ பிள்ளையோகூடக் கொடையாளியாகலாம். எத்தனையோ குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதம். என் நண்பரும் மகனுக்குப் பாதிப் பொருத்தம்தான். ஆனால் அவருக்கு வயது அறுபத்தேழு. இருதய மருந்து எடுப்பவர். இளம் கொடையாளியே நல்லது என்கிறார்கள். எனவே பாதிப் பொருத்தம் கூடலூரைத் தேவையற்றதாக்கவில்லை. தேடும் வட்டத்தைப் பெரிதாக்கியிருக்கிறது.

புதிய சிகிச்சைகளையும் சொல்லவேண்டும். கார்-ரி எனப்படும் முறையில் நோயாளியின் சொந்த வெள்ளணுவையே வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளங்காணும்படி மாற்றி, திரும்ப ஏற்றுகிறார்கள். 2017இல் அமெரிக்காவில் லிம்போமாவுக்கு அது அனுமதிக்கப்பட்டபோது விலை 3 இலட்சத்து 73 ஆயிரம் டொலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் முதலாவது கார்-ரி சிகிச்சைக்கு 2023 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருப்பது பெருமைக்குரிய சாதனை. ஆனாலும் பசறைத் தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனி.

கொடையாளியின் கலங்களை முன்கூட்டியே தயாரித்துக் குளிரூட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. 2020இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்து மாற்றியமைத்த இயற்கைக் கொல்லிக் கலங்களை 11 பேருக்குக் கொடுத்ததில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. 2022 டிசம்பரில், வைரஸால் வரும் ஒருவகை லிம்போமாக் கட்டிக்கு, அந்நியக் கொடையாளியின் வெள்ளணுக்களாலான மருந்து ஒன்றுக்கு ஐரோப்பா அனுமதி வழங்கியது. நாளை இவையெல்லாம் மலிந்து பதுளைக்கும் வரட்டும். இன்று பெரியவனின் கழுத்தில் கட்டி வளர்கிறது.

இன்று நம் கைக்கு எட்டக்கூடியது எது? மச்சை மாற்று மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் நடக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடக்கிறது. வேலூரிலிருந்து கூடலூர் ஓர் இரவுப் பயணம். கையில் இருப்பவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குத்தான் ஆளில்லை.

மலையகக் குடும்பங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, இந்தியாவுக்குப் போன உடன்பிறப்புகளின் பெயர், பிள்ளைகளின் பெயர், தொலைபேசி எண் என்று எழுதிவையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் வால்பாறையிலும் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

புலம்பெயர்ந்த வாசகர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவேட்டில் சேரலாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி இருக்கிறது. பிரித்தானியாவின் அந்தோனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயதுவரையும், கனடாவில் 17 முதல் 35 வயதுவரையும் சேரலாம். நாமெல்லாம் வயது கடந்தவர்கள். நம் பிள்ளைகளை அனுப்பலாமே. கோயில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் சங்க இரவு விருந்துக்கும் கூடுகிற கூட்டத்தில் ஒரு மேசை போட்டால் போதும்.

அரசுகளிடம் கேட்பதுதான் என் முக்கியமான கோரிக்கை. ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்ட குடும்பங்களில் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை தேவைப்பட்டால், உறவினரின் எச்.எல்.ஏ. பரிசோதனை, விசா, பயணம் ஆகிய மூன்றையும் இரு அரசுகளும் பொறுப்பேற்கவேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேருக்குத் தேவைப்படப்போகிறது? அபூர்வமான சிகிச்சை இது. செலவும் பெரிதாக இராது. ஐந்து இலட்சம் பேரைக் கப்பலேற்றக் காகிதம் இருந்த இரு தலைநகரங்களிலும், ஒரு கொடையாளியை விமானமேற்ற ஒரு தாள் இல்லாமற் போகுமா? இது சலுகையன்று. பிரித்தவர்கள் கொடுக்கவேண்டிய கடன்.

ஒரு வாரம் கழித்து நண்பரை அழைத்தேன். போத்தல் வேண்டாம் என்றேன். மச்சை மாற்று பெரியவனுக்கு ஏற்றதா என்பதை முதலில் மகரகம வைத்தியர்களிடம் கேள், அதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றேன். ஏற்றது என்று சொன்னால் அக்காளுக்கு ஒரு அழைப்பு எடு என்றேன்.

மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. 2013இல் அவர்களுடைய தாய் இறந்தபோது அக்காளால் வரமுடியவில்லை. கடைசி மண் போட வராதவள் எனக்கு அக்காள் இல்லை என்று இவர் தொலைபேசியில் கத்திவிட்டார். அதன்பின் பேச்சு இல்லை. "நம்பர் இருக்கு அண்ணே. எப்படி எடுக்கிறது?" என்றார்.

நேற்று அவரே அழைத்தார். மாற்றுச் சிகிச்சையை யோசிக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். அக்காளிடமும் பேசிவிட்டாராம். அக்காள் முதலில் அழுதாராம். பிறகு ஐந்து பிள்ளைகளையும் அனுப்புகிறேன் என்றாராம். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம்: "புள்ளைங்க எங்க போய் ரத்தம் குடுக்கணும் தம்பி?"

அதற்கு நண்பரிடம் பதில் இல்லை. என்னிடம் கேட்டார். வேலூருக்கும் மகரகமைக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மூதாட்டியின் கேள்வி என்னிடம் கேட்கப்படவேண்டியதன்று. கொழும்பும் புதுடில்லியும் பதில் சொல்லட்டும்.